காற்றுக்கு ஒன்று

நண்டு சீசன் நவம்பரோடு சரி.
பிள்ளை டிசம்பரில்.
இடையில் கிடக்கிற பள்ளத்தை
நிபால்தோ பென்சிலால் அளக்கிறான்,
மீன்கடைக் காலண்டரின் முதுகில்.
வாடகை. கடன். வாடகை.
இரண்டு முறை எழுதிவிட்டாய் என்றேன்.
ஒன்று போன மாசத்தது என்றான்.

புந்தா அரேனாஸில் தெருமுனைகளில்
கயிறு கட்டி வைப்பார்கள்,
காற்று ஆளைத் தள்ளும் நாட்களில் பற்றி நடக்க.
எட்டாம் மாதம் நான் நடந்தது அப்படித்தான்:
ஒரு கை கயிற்றில்,
ஒரு கை வயிற்றில்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி தருவார்களாம்.
மெத்தை, போர்வை, இரண்டு சட்டை
என்று பக்கத்து வீட்டு ஒதிலியா
விரல் மடக்கிச் சொன்னாள்.
அவள் மடக்கிய விரல்களை எல்லாம்
பட்டியலில் அடித்தோம்.
மிச்சம், மடக்காத விரல்கள்.
தள்ளுவண்டி.
இந்த ஊரில் எதற்கு,
காற்றே தள்ளிக்கொண்டு போகும் என்று
அதையும் அடித்தான்.
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
டயப்பர்.
அதன் விலையைக் கேட்டுவிட்டு
கடைக்காரியிடம் மணி என்ன என்றும் கேட்டேன்,
அதற்குத்தான் வந்தவள் போல.

கல்யாணத்துக்கு வந்த ஃபிளானல் விரிப்பு ஒன்று,
நீலக் கோடு போட்டது.
நாங்கள் உறங்கிய நடுப்பகுதி நைந்திருந்தது.
யாரும் உறங்காத ஓரங்கள்
கடையிலிருந்து வந்த மாதிரியே.
ஓரங்களை வெட்டித் தைத்தேன்.
பன்னிரண்டு துண்டு.
நடுவை அடுப்பு துடைக்க வைத்தேன்.

மெதுவாகட்டும் என்று மூன்று முறை அலசி
கொடியில் போட்டுவிட்டு
ரத்த அழுத்தம் பார்க்கப் போனேன்.
திரும்பி வந்தால்
கிளிப்புகள் மட்டும்
பல்லைக் கடித்துக்கொண்டு கொடியில் நின்றன.

ஐந்து பெசோகூட யாரிடமும் கேட்டறியாத மனுஷன்.
அன்று வேலை முடிந்து
நண்டு நாற்றமும் ரப்பர் பூட்ஸுமாக
தெருத்தெருவாய்க் கதவு தட்டினான்.
மன்னிக்கணும்,
நீலக் கோடு போட்ட துணி ஏதாவது
உங்கள் பக்கம் விழுந்ததா?
எவ்வளவு பெரிய துணி?
கையை விரித்துக் காட்டினான்.
இவ்வளவு சின்னதா என்று
அவர்கள் பார்த்த பார்வையில்தான்
தெருவுக்கே எங்கள் சேதி தெரிந்தது.

முள்செடியில் மூன்று.
லாரிச் சக்கரத்தடியில் ஒன்று.
பள்ளி மைதானத்தில் இரண்டு,
பையன்கள் கோல்கம்பத்தில் கட்டியிருந்தார்கள்.
நாயிடம் ஒன்று, பேரம் பேசி வாங்கியது.
ஒருத்தி கதவே திறக்கவில்லை.
ஒருத்தி துணி இல்லை, தொட்டி இருக்கிறது,
எலி குடியிருக்கிறது, கழுவிக்கொள் என்றாள்.
மூலைவீட்டுக் கப்பல்காரர் நான்கை
இஸ்திரி போட்டு மடித்தே வைத்திருந்தார்.
யாராவது வருவீர்கள் என்று தெரியும் என்றார்.
அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பதினொன்று.

பன்னிரண்டாவது மின்கம்பியில்,
கம்பத்துக்கும் வானத்துக்கும் நடுவே.
ஏணி எட்டாது. கழி எட்டாது.
மின்சாரக் கம்பெனிக்குச் சொல்லலாமா?
வந்து எடுத்துக் கொடுத்து
பில்லும் கொடுத்துவிட்டுப் போவான்.
அன்றிரவு காலண்டரின் முதுகில் எழுதினான்:
பன்னிரண்டில் காற்றுக்கு ஒன்று.
வரவுப் பக்கத்தில்
வெகுநேரம் பென்சிலை வைத்திருந்தான்.
பிறகு எழுதினான்: தொட்டி, எலியுடன்.

டிசம்பர், விடிகாலை நாலு மணி.
இந்த ஊர்க் கோடையில்
அதற்குள் வெளுத்துவிடும்.
ஒதிலியாவின் தம்பியுடைய மீன் வண்டி,
முன் இருக்கையில் நான்,
பின்னால் ஐஸ் பெட்டிகளோடு நிபால்தோ.
ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே
எண்ணச் சொல்லியிருந்தாள் நர்ஸ்.
கயிறு இல்லாததால்
சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.
பதினொன்றில் வண்டி மூலை திரும்பியது.
நிமிர்ந்தேன்.
நீலம் வெளிறி, விளிம்பு பிரிந்து,
இன்னும் படபடத்துக்கொண்டு
மேலே,

பன்னிரண்டு.