ஆறு எண்கள்

ஊராட்சித் தலைவர் நான்.
ஓடிபி வருவது அவர் செல்லுக்கு.

கல்லல் யூனியன் ஆபீசில்
"தலைவர் வரலையா?" என்று
என்னிடமே கேட்டார்கள்.
பலகையில் பெயர்: வே. பஞ்சவர்ணம்.
அதன்கீழ் நாற்காலியில்
அவர் துண்டு.

காரைக்குடிக்குத் தனியே பஸ் ஏறிப்போய்
சிம் கேட்டேன்.
மிஷினில் ரேகை விழவில்லை.
ஆத்தங்குடிக் கல்பட்டறையில்
ஒன்பது வருசம்
சிமெண்டுக்குத் தின்னக் கொடுத்த விரல்கள்.
கடைக்காரப் பையன் ஈரத்துணி கொடுத்தான்.
ஏழாம் தடவை
இடது கட்டைவிரலை ஏற்றுக்கொண்டது.

ராத்திரி பத்தரைக்கு
ஊரணி மதகுக்கான ஆறு எண்கள்
என் கைக்கே வந்தன.
பக்கத்தில் அவர் தூக்கம்.
போர்வைக்குள் வெளிச்சத்தை மூடி
ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
வெளியே நாய் குரைத்தது.
நின்றேன்.
கடைசி எண்.

இனி,
மூன்று மாதமாய்ப் பேனா தேடும்
துணைத்தலைவர்தான் பாக்கி.