கோரம்

இரண்டாம் செவ்வாய், மாலை ஐந்தரை,
கோத்தகிரி நூலகத்து மாடி.
சம்பளம் கிடையாது எங்களுக்கு.
ஒரு டீ, இரண்டு வர்க்கி, ஒரு கையெழுத்து.
போன வருடம் வர்க்கி ஒன்றாகக் குறைந்தது.
அதற்கும் தீர்மானம் போட்டோம்.

குடியிருப்புக் குழுவில் ஏழு பேர்.
சுகந்தி டீச்சர் தலைவர்.
ஹம்சா லாரி மெக்கானிக், பெள்ளிராஜ் கேரட் போடுகிறவர்,
கெங்கம்மாவுக்குத் தையல்கடை.
ஆல்துரை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர்.
ஏழாமவர் யாரென்று
வருகைப் பதிவேட்டுக்குத்தான் தெரியும்.
நான் ஃபாக்டரியில் பச்சை இலை எடை போடுகிறவள்.
முள் நடுங்கி நிற்கும்வரை
வாய் திறக்கக் கூடாதென்று தெரியும்.
அதனால்தான் சேர்த்தார்களோ என்னவோ.

பன்னிரண்டு வீடு கட்டியிருக்கிறோம்.
"கட்டியிருக்கிறோம்" என்றுதான் மினிட்டில் எழுதுகிறோம்,
சிமென்ட் தொட்டவர் யாரும் எங்களில் இல்லை.
வந்த மனு அறுபத்து மூன்று.
மண்சரிவில் வீடு போனவருக்குப் பத்து மதிப்பெண்,
ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் நாலு,
கூரை ஒழுகினால் மூன்று.
எல்லாருக்கும் ஒழுகுகிறது.
எல்லாருக்கும் மூன்று போட்டோம்.

"உங்க கையிலதானே இருக்கு" என்கிறார்கள்
ரேஷன் வரிசையில், கல்யாணப் பந்தியில்,
ஒருமுறை சவ வீட்டில்கூட.
கையை விரித்துக் காட்டினால்
தேயிலைக் கறைதான் இருக்கிறது.

ஆறாவது பொருள். மனு எண் இருபத்தேழு.
செ. அமலா.
என் கூடப்பிறந்தவள்.

உறவுக்காரர் மனு வந்தால்
உறுப்பினர் வெளியே போக வேண்டும், விதி ஏழு.
மூன்று வருடம் முன்னால்
இன்னொருவர் மருமகனுக்காக
நான் மேசையைத் தட்டிக் கொண்டுவந்த விதி.

எழுந்தேன்.
டீச்சர் விரல்விட்டு எண்ணினார்.
வந்திருப்பது ஐந்து. நான் போனால் நாலு.
கோரம் ஐந்து.
அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறு அர்த்தம் உண்டு,
அன்றைக்கு இரண்டும் ஒன்றாய்த்தான் இருந்தன.
கூட்டம் கலைந்தால் அடுத்த செவ்வாய் ஜூனில்.
ஜூனில் மழை யாருக்காகவும் நிற்காது.

"போகாத மேரி, கண்ண மூடிக்க" என்றார் ஹம்சா.
யாரோ சிரித்தார்கள். பாதியில் நிறுத்தினார்கள்.

மாடிப்படியில் நின்று ஆல்துரைக்குப் போன் போட்டேன்.
"குஞ்சப்பனையில நிக்கறோம். ரோட்டுல யானை."
"எப்பப் போகும்?"
"எறங்கிக் கேட்டுச் சொல்லவா?"

மஞ்சு படியேறி வந்து
என் செருப்புவரை நின்றது.
சுவரில் "சத்தம் போடாதீர்" பலகை.
உள்ளே யாரும் பேசவில்லை.
அறுபத்து மூன்று குடும்பமும் நானும்
ஒரு யானை நகரக் காத்திருந்தோம்.

காக்கிச் சட்டையோடு, தோளில் பையோடு
இரண்டிரண்டு படியாய் ஏறிப்போனார் ஆல்துரை.
கதவு சாத்திற்று.
நாற்காலி இழுபட்டது, ஒருமுறை.
காது கொடுக்கக் கூடாதென்று
காரக்கொரை பஸ் நேரங்களை
மனசுக்குள் ஒப்பித்தேன்.

திறந்தபோது
பெள்ளிராஜ் என்னைப் பார்க்காமல்
காலி டம்ளரை எடுத்துக் குடித்தார்.
பதின்மூன்றாவது, என்றார் டீச்சர்.
அமலா பையனுக்கு ஏப்ரலில் வயது ஐந்து நிறைந்துவிட்டது.
நாலு மதிப்பெண் போயிற்று.
எனக்குத் தெரியும்.
கேக் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

"சந்தனமேரி வெளியேறினார், 6.10.
திரும்பினார், 7.42."
கெங்கம்மா எழுதியிருந்தாள், குண்டு குண்டாய்.
கீழே கையெழுத்துப் போட்டேன்.
பேனா எழுதவில்லை; உதறிவிட்டு மறுபடியும்.

வர்க்கியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு இறங்கினால்
நூலக வாசலில் குடையோடு நிற்கிறாள் அவள்.
பட்டியல் ஒட்டுவது காலை ஒன்பது மணிக்கு.
அதுவரை சொல்லக் கூடாது.

"ஏங்க்கா இவ்வளவு நேரம்?"

"ரோட்டுல யானை" என்றேன்.
பாதிக் குடையை என் பக்கம் சாய்த்தாள்.