கேக்குதா

லிங்கராஜபுரத்தில்
காலை ஆறு மணித் தமிழ்ப் பூசையின் முதல் சொல்
பிதாவும் இல்லை, சுதனும் இல்லை.
"கேக்குதா, முனிரத்னா?"
தூணோரம் மிக்சர் பெட்டிக்குப் பின்னாலிருந்து
கட்டைவிரலைத் தூக்குவேன்.
அப்புறம்தான் சிலுவை அடையாளம்.

பதினேழு வருஷம்.
எனக்கு ஞானஸ்நானம் கிடையாது.
ஆடி மாசம் மாரியம்மன் கோயிலுக்கும்
நோன்பு மாசம் பள்ளிவாசல் தெருவுக்கும்
இதே ஒயர், இதே பெட்டி.

பொனிபாஸ் ஆண்டகைக்கு மங்களூர்ப் பக்கம்.
கொங்கணி நாக்கு, ழகரம் மடங்காது.
எழுப்புங்கள் என்பதை எளுப்புங்கள் என்பார்,
நாங்களும் எளுந்து நிற்போம்.
குரலோ ஊறிய அவல்.
ஏழுக்குக் கீழே வைத்தால் மூன்றாம் பெஞ்சைத் தாண்டாது.
அதனால் குமிழில் ஏழாம் புள்ளியில்
மகளின் நகப்பாலிஷ் எடுத்து
சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தேன்.
அந்த இடத்தில் வேறு யார் பேசினாலும்
பெட்டி ஊளையிடும்.

சட்டைமைக் வேண்டாம் என்று ரொம்ப நாள் தள்ளினார்.
"வயித்துகிட்ட மாட்டினா பசியும் பிரசங்கம் பண்ணும்."
முழங்கால் தேய்ந்து
நாற்காலியில் உட்கார்ந்து பூசை வைக்க ஆரம்பித்தபின்
மாட்டிக்கொண்டார்.
கழற்றத்தான் மறந்துபோவார்.

ஒரு ஞாயிறு.
கடைசிப் பாட்டு முடிந்தது. வெளியே அடைமழை.
யாரும் நகரவில்லை.
சக்ரீஸ்துக்குள் போனவர் குரல்
எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது:
"சவரிராயா, இந்த மோதிரத்தை வச்சா
சேட்டு எவ்ளோ குடுப்பான்?
நரசம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை
ரத்தம் சுத்தி பண்ணணுமாம்."

நரசம்மா எங்கள் தெருவைக் கூட்டுகிறவள்.
கோயில் கேட்டுக்கு வெளியே
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு டீ குடிப்பாள்.
உள்ளே வந்ததே இல்லை.

முதல் சொல்லிலேயே கை குமிழுக்குப் போய்விட்டது.
திருப்பவில்லை.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை,
எனக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யும் வழக்கமும் இல்லை.
கேட்கட்டும் என்று விட்டேன்.
டீ குடிப்பவளின் பெயர் முடிந்து
வாரக் கணக்கும் முடிந்த பிறகே அணைத்தேன்.

அவர் வெளியே வந்தார்.
மழையைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார்.
"கேட்டுதா?"
"இல்ல சாமி. கரண்ட் போயிருந்துச்சு."
தலைக்குமேல் அத்தனை விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தன.
முந்நூறு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.
அவரும் விசிறியை அண்ணாந்து பார்த்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் தட்டில் பெயரில்லாத உறைகள்.
நரசம்மா இன்னும் இரண்டு தீபாவளி பார்த்தாள்.

நேற்று அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.
விரலில் மோதிரம் தொளதொள என்று இருந்தது.
கழன்று விழாமல் உள்பக்கம்
வெள்ளை நூல் சுற்றியிருந்தார்கள்.
"ஆயர் இல்லத்து இரவல்" என்றான் சவரிராயன்,
என் முகத்தைப் பார்க்காமல்.
உறைகள் வந்த பிறகும்
வைத்துத்தான் இருக்கிறார்.

கன்னடத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர்,
தமிழில் திருச்சியிலிருந்து வந்த ஒருவர்.
அவருக்கு ழகரம் சுத்தம்,
தேய்த்து வைத்த பித்தளைச் சொம்பு மாதிரி.
எனக்கு அதில் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.
ஆளுக்கு ஆள் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்,
நான்கு, மூன்று, ஐந்து,
ஒருவருக்கும் ஏழு தேவைப்படவில்லை.

மூடியைச் சாத்தும்போது
கூட்டம் மூச்சு விடாமல் நின்றது.
அவருடைய சானலை நான் அணைத்திருக்கவில்லை.
ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்,
மழை வருமுன் வேப்பமரத்தில் கேட்கிற மாதிரி.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கை மட்டும் எழுந்தது,
கட்டைவிரலோடு.

இன்று கம்மனஹள்ளியில் கல்யாணம்.
பாட வந்த பெண் பழக்கமில்லாமல் குமிழைத் திருக,
பெட்டி வீலென்று கத்தியது,
பந்தியில் பாதிப்பேர் காதைப் பொத்தினார்கள்.
"என்னண்ணா இங்க சிவப்புக் கோடு?"
"அது ஒருத்தரோட உயரம்மா."
அவளுக்கு விளங்கவில்லை.
ஐந்தில் நிறுத்திவிட்டு,
எனக்கும் ஒரு சாப்பாட்டு டோக்கன்
வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள்.