எனக்கு விழுந்த கோப்பை

வால்திவியாவில் மழை பெய்வதில்லை,
குடியிருக்கிறது.
ஜூலைக் கடைசியில் நான் போய் இறங்கியபோது
பல மாத வாடகை கட்டிய தோரணையில்
பேருந்து நிலையத்துக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது.

அயோவாக் கல்லூரியில் நான்கு செமஸ்டர் ஸ்பானிஷ்,
இருநூற்றுப் பன்னிரண்டு வினைச்சொற்கள்,
கடைசித் தேர்வில் எண்பத்தொன்பது.
டாக்சிக்காரர் பேசியதில் ஒரு சொல்கூட
அந்த எண்பத்தொன்பதுக்குள் இல்லை.
சொல்லின் வாலை விழுங்கிவிடுகிறார்கள் அங்கே.
‘ஸ்’ என்ற ஒலி
சிலிக்குள் வரும் வழியில், மலைத்தொடரில் எங்கோ
விறைத்துப் போயிருக்க வேண்டும்.

முதல் வாரமே யஸ்னா கூப்பிட்டாள்:
சனிக்கிழமை வீட்டுக்கு வா, ஓன்சேக்கு.
ஓன்சே என்றால் பதினொன்று.
பாடப்புத்தகம், ஏழாம் பக்கம்.
இரவு பதினொன்றுக்குப் போய் நின்றேன்,
கையில் கேக், காலுறையில் ஆறு.
கதவைத் திறந்தவள் தூங்கும் உடையில் இருந்தாள்.

ஓன்சே என்பது மாலைத் தேநீராம்.
ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால்
ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
பொய். எல்லோரும் சிரித்தார்கள்.
அப்புறம் அவள் தம்பி எலியாசர்
அடுப்புக்குள் விறகைத் தள்ளினான்,
கெண்டி மறுபடி ஏறியது.
ரொட்டி, உப்புப் போட்டுப் பிசைந்த வெண்ணெய்ப்பழம்,
மேசைக்கடியில் சோல்கா என்ற நாய்,
என் ஈரக் காலின்மேல் தலையை வைத்துக்கொண்டு.

அந்த மேசையில்தான் கோப்பையை உடைத்தேன்.
“நான் உடைத்தேன்” என்றேன்,
சரியான காலம், சரியான விகுதி,
கூண்டில் ஏறிச் சொல்வது போல.
யஸ்னா தலையை ஆட்டினாள்.
அப்படிச் சொல்லாதே.
சே மே காயோ என்று சொல்.

மனசுக்குள் தமிழில் போட்டுப் பார்த்தேன்:
தானாக எனக்கு விழுந்தது.
எழுவாய் கோப்பை.
நான் நான்காம் வேற்றுமையில்
ஓரமாக நிற்கிறேன், விரல்கள் விரிந்தபடி.

பழகிய இடம்தான் அது.
எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது,
உன்னை எனக்குப் பிடிக்கிறது.
இதில் எதையும் நான் செய்வதாகத் தமிழ் சொல்வதில்லை.
மே குஸ்தா என்று பேராசிரியர் பலகையில் எழுதியபோது
வகுப்பே தலையைச் சொறிந்தது.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எல்லாமே எனக்கு நடந்தன.
பேருந்து எனக்குப் போய்விட்டது,
சாவி எனக்குத் தொலைந்துவிட்டது,
கட்டுரை எனக்கு மறந்துவிட்டது.
இலக்கணம் சுத்தம், கட்டுரைதான் இல்லை
என்றார் அங்கிருந்த ஆசிரியை.

அக்டோபரில் ஒரு நாள்
யஸ்னா வகுப்புக்கு வரவில்லை.
ஆற்றங்கரை மீன்சந்தையில் எலியாசரைப் பார்த்தேன்.
பின்னால், படிக்கட்டில், கடற்சிங்கங்கள்
செதிலுக்கும் குடலுக்கும் கத்திக்கொண்டிருந்தன.
கத்தியைத் துடைத்தபடி சொன்னான்:
சே நோஸ் முரியோ லா சோல்கா.

சோல்கா எங்களுக்குச் செத்துவிட்டது.
கோப்பைக்குச் சொன்ன அதே வாக்கியம்.
நாம் ‘விட்டுப் போய்விட்டது’ என்போம்,
கதவு வெளிப்பக்கம் திறக்கும்.
இங்கே சாவு உள்ளே வந்து
அவரவர் கையில் விழுகிறது.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றும் வரவில்லை.
“பெரோ...” என்று ஆரம்பித்தேன்.
நாக்கு நடுங்கினால் நாய்,
நடுங்காவிட்டால் ‘ஆனால்’.
எது வந்தது என்று எனக்கே தெரியாது.
அவன் இரண்டுக்கும் சேர்த்துத் தலையசைத்தான்.
ஒரு மீனைத் தாளில் சுற்றிக் கொடுத்தான்.
காசு வாங்கவில்லை.

இப்போது நான் இருக்கும் ஊரில்
ஸ்பானிஷ் பேச ஆளில்லை.
சொற்கள் ஒவ்வொன்றாக எனக்கு விழுகின்றன,
சத்தமில்லாமல், கம்பளத்தின்மேல்.
நேற்று கடையில் வெண்ணெய்ப்பழத்தை அழுத்திப் பார்க்கையில்
புத்தகத்தில் படித்த பெயர் வரவே இல்லை.
வந்தது பால்தா.
மேசையில் கிடைத்தது.

மணி ஐந்தரை.
தண்ணீர் கொதிக்கிறது.
பதினொன்று.