எடைப்பாலம்

போன மாசம் பார்த்தபோது
பெரியவருக்கு நூற்று முப்பத்தெட்டு வெள்ளி.
சம்பளம் வரட்டும் என்று போனை மூடினேன்.
சம்பளம் வந்தது.
திறந்தால் நூற்று அறுபத்தைந்து.
பள்ளி விடுமுறை விலையாம்.
நான் தூங்கிய ராத்திரிகளில்
டிக்கெட் மட்டும் தூங்காமல் வளர்ந்திருக்கிறது.

துருவனும்தான்.
நூற்றுப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் காசில்லை.
கதவு நிலையில் பென்சில் கோடு.
தீபாவளிக்கு முன்னே கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றான்.
இன்றைக்கு நிமிர்ந்து நில்லுடா என்றால்
முழங்காலை மெல்ல மடக்குகிறான்,
முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.
பையன் வளரவே மாட்டேங்கிறானே என்று
கிளினிக் கிளினிக்காக ஏறி
சத்து மாவு வாங்கி ஊட்டியவள் நான்தான்.

லோஷினி பேப்பரில் கணக்கு எழுதியிருக்கிறாள்:
டோல், பெட்ரோல், கார் நிறுத்த.
சாப்பாடு என்ற இடத்தில்
'அம்மா நாசி லெமாக், வாசலுக்கு வெளியே'.
உள்ளே தண்ணீர் போத்தல் ஏழு வெள்ளி என்று
யாரோ சொன்னதைக் கேட்டு
இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்காமல் பழகுகிறாள்.
மைலோ டின்னைக் கவிழ்த்து
ஐம்பது காசுகளைப் பத்துப் பத்தாய் அடுக்கியதில்
நாற்பத்தொரு வெள்ளி.
அதற்கு என்ன பேர் எழுதுவது என்று தெரியாமல்
கீழே ஒரு பூ வரைந்திருக்கிறாள்.

ராத்திரி ரத்தினவேலு சொன்னார்,
துண்டை உதறிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல்:
"மூணு டிக்கெட் எடு.
எனக்கு அந்தச் சுத்துற சாமானெல்லாம் ஆவாது. தலை சுத்தும்.
நான் கார்ல படுத்துக்கிறேன்."

ஆலைச் சிம்னியில்
நூறு அடிக்கு மேலே ஏறி
சிவப்பு விளக்கு மாற்றுகிறவர்.
ஒரு கையில் ஸ்பானர், வாயில் திருகாணி,
கீழே நிற்கும் எங்களைப் பார்த்து
தலையை ஆட்டிச் சிரிக்கிறவர்.

நானும் விடவில்லை.
"எனக்குத்தான் குளோரின் தண்ணி ஒத்துக்காது,
நீங்க போங்க" என்றேன்.
இரண்டு பொய்களும்
விளக்கை அணைத்த பிறகும் விழித்திருந்தன.

*

பகாவுக்கு வெளியே செம்பனை ஆலையில்
லோரி நிறுப்பது என் வேலை.
குலையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை.
கழித்தால் வருவதுதான் குலை.
இதில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு.
பாரத்தோடு வரும்போது டிரைவர் உள்ளே உட்கார்ந்திருப்பான்.
காலியாகத் திரும்பும்போது
சிகரெட் பற்றவைக்கிற மாதிரி
மெதுவாக இறங்கி ஓரமாய் நிற்பான்.
எழுபது கிலோ மனுஷன் குலைக் கணக்கில் ஏறிவிடுவான்.

பதினோரு வருஷமாக
ஜன்னலைத் தட்டி நான் சொல்கிற சொல் ஒன்றுதான்:
"ஏறு."

இன்றைக்கு ஓர் ஐந்து டன் லோரி.
டிரைவர் இறங்கி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு
கைகட்டி நின்றான்.
எனக்குத் துண்டை உதறுகிற கை ஞாபகம் வந்தது.
ஜன்னலைத் தட்ட ஒரு நிமிஷம் ஆனது.

பசியாறும் நேரத்தில் கக் நோராய்னியிடம் சொன்னேன்.
அவள் சிரித்தாள்.
"லீவு முடிஞ்சு செவ்வாய்க்கிழமை போ.
விலையும் இறங்கும், வரிசையும் இருக்காது.
அதுவரைக்கும் உன் பையனுக்கு
சத்து மாவு குடுக்காதே."

பிப்ரவரி, செவ்வாய், நூற்றுப் பதினெட்டு.
நான்கு டிக்கெட்.
துருவனுக்குச் சின்னவர் விலை,
நிமிர்ந்து நிற்கிற விலை.
என் ஒருநாள் சம்பளம் போகும்,
அவர் ஓவர்டைம் போகும்,
கழித்துப் பார்த்தால்
விடுமுறை விலைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.
பரவாயில்லை. அழுத்திவிட்டேன்.

பின்னேரம் அவருக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினேன்.
என்ன ஏறு, எதில் ஏறு என்று
மூன்று முறை போன் அடித்தார்.
எடுக்கவில்லை.
வரிசையில் ஏழு லோரி.

இப்போது சாப்பாட்டு மேசையில்
தமிழ்ப்பள்ளி வாத்தியாருக்குக் கடிதம் எழுதுகிறேன்:
என் மகள் லோஷினிக்கும் மகன் துருவனுக்கும்
வருகிற மாதம் பதினேழாம் தேதி
காய்ச்சல்.