விறகுக் கணக்கு

ஈரப் பைன் போதும், எப்படியும் எரியத்தானே
என்றார் சபை எழுத்தர்.
இந்தியன் கேட்கவில்லை.
குந்தி உட்கார்ந்து கட்டை கட்டையாய் முகர்ந்தான்,
முலாம்பழம் வாங்க வந்தவன் மாதிரி.
காய்ந்த ஒலிவம் பதினேழு
ஒதுக்கி வைத்தான்.
விலை பேசவில்லை. அவனுக்கு ஏது மடி?

எபேசு முழுக்கத் திரண்டிருந்தது.
தத்துவம் விற்கிறவர்களுக்கு முன்வரிசை.
வலி என்பது வெறும் அபிப்பிராயம் என
ஒருவர் ஆரம்பித்தார்;
மேலாடையில் பொறி விழவும்
பாதி வாக்கியத்தில் துள்ளினார்.

நான் பார்த்தது பாதங்களை.
பாளம் பாளமாய் வெடித்த குதிகால்.
அடுக்கின்மேல் ஏறப்போனவன் நின்று
ஒற்றைக் காலில் தள்ளாடி
ஒரு முள்ளைப் பிடுங்கி எறிந்தான்.
இனி எத்தனை அடி நடக்கப்போகிறான்,
அந்த முள்ளுக்கு அவ்வளவு அவசரம்?

கல் நாட்டினார்கள்.
பெயர் தப்பு என்று சிரிக்கிறான்
துறைமுகத்து மிளகுக்காரன்.
எது சரி என்று கேட்டால்
அவனுக்கும் தெரியவில்லை.

பதினேழு கட்டைக்கும் பாக்கி நிற்கிறது.
போய்க் கேளேன் என்கிறாள் நிக்கேசோ,
பனிக்காலம் வருகிறது.
போகலாம்.
அடுப்பில் ஒலிவம் வைக்கும்போது மட்டும்
ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன்.
விறகு வாசனைதான்.