ஷூஃபென் கேட்டது

எம்.சி. ரோட்டில் என் கடை
ஆறடிக்கு எட்டடி.
அதற்குள் பதினோரு வருடமாக
ஒரு சீனாக்காரியும் இருக்கிறாள், போனில்.

ஷூஃபென். ஜிப், பொத்தான், லேஸ்.
முதல் தடவை போனபோது
கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டிக் காட்டினாள்.
அழித்துவிட்டு நான் வேறு தட்டினேன்.
மதியமாகிவிட்டது, இரண்டு பேருக்கும் பசி.

அப்போது மெஷின் இருநூறு, பெண்கள் இருநூறு.
பிறகு பெண்கள் எண்பது.
புத்தாண்டுக்கு ஊருக்குப் போனதுகள்
திரும்பவே இல்லையாம்.
பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனால்
இதைவிடக் கிடைக்கிறதாம்.
மகள் வட்ட விளக்குக்கு முன்னால் நின்று
நள்ளிரவில் லிப்ஸ்டிக் விற்கிறாள்.
கல்யாணமா, பூனை போதும் என்கிறாளாம்.

நேற்று காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் மாட்டிக்கொண்டது.
நான் கத்தி அனுப்பியதற்கு
இன்றைக்குத்தான் பதில்.
செய்தி வாசிப்பவள் தமிழில்
செயலி பேசியது:

"மதிப்பிற்குரிய சகோதரி பரக்கத்,
உங்கள் பகுதியில்
தையல் பெண்ணுக்கு
மாதக் கூலி எவ்வளவு?"

வாசலில் கொடுங்கையூர் தேவகிருபை
பள்ளிக்கூடப் பைக்கு
ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள்,
பீஸுக்கு ஏழு ரூபாய்.
நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு,
தலை நிமிராமலே சொன்னாள்:

"ஏத்திச் சொல்லுக்கா."